இருபதா, எழுபதா? பேரிடர் நேரத்தில் ஹாம் ரேடியோவில் செய்தி அனுப்பும் முறை

வெள்ளத்தின் இரண்டாவது இரவு. நிவாரண முகாமின் மாடியறையில் டார்ச் வெளிச்சத்தில், ரேடியோ செய்திகளைக் குறிக்கும் லாக் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு முகாமில் இருந்த மூத்த ஹாம் ஒருவர் (ஹாம் என்றால் தொழிலாக இல்லாமல் ஆர்வத்தால், உரிமம் பெற்று ரேடியோவில் பேசுபவர்) ரேடியோவில் போர்வை கேட்டார். "இருபது" என்று என் காதில் விழுந்தது. அப்படியே எழுதி, கீழே படகுக்காரர்களிடம் சீட்டைக் கொடுத்தனுப்பினேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் குரல் மறுபடி வந்தது.

"தம்பி, நான் எழுபது கேட்டேன். இருபதுதான் வந்திருக்கு. இங்க குழந்தைங்க நிறைய பேர் இருக்காங்க."

"மன்னிச்சிடுங்க அண்ணா, நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். அதற்குள் நீரோட்டம் ஏறிவிட்டது. படகு இன்னொரு நடை போகவில்லை. ஐம்பது பேர் விடியும்வரை போர்வை இல்லாமல் இருந்தார்கள்.

ரேடியோ நன்றாகத்தான் வேலை செய்தது. ஆன்டெனா, பேட்டரி எதிலும் குறையில்லை. அவர் எண்ணை ஒரே தடவை, ஒரே சொல்லாகச் சொன்னார். நான் திருப்பிப் படித்துக் காட்டாமல் எழுதிக்கொண்டேன். நடந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கருவிக்குப் பாதி நேரமும், செய்தியைச் சொல்வதற்கும் எழுதுவதற்கும் மீதி நேரமும் ஒதுக்குகிறேன். இங்கேயும் அப்படித்தான் எழுதப்போகிறேன்.

உரிமமும் ஆயத்தமும்

ஹாம் ரேடியோவில் பேச உரிமம் வேண்டும். உங்கள் நாட்டில் அலைவரிசைகளை நிர்வகிக்கும் அரசுத் துறை நடத்தும் தேர்வை எழுதித் தேறினால் உரிமமும், காற்றில் உங்களை அடையாளம் காட்ட உங்களுக்கென்று ஒரு கால்சைனும் கிடைக்கும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு இதைத் தொடங்க முடியாது. தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுவது போலத்தான். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிமுறைகளில் 25ஆம் பிரிவு அமெச்சூர் சேவையை, அதாவது ஹாம் ரேடியோவைப் பற்றியது. பேரிடர் உதவிக்கு ஹாம்கள் ஆயத்தமாக இருக்க நாடுகள் வழிசெய்ய வேண்டும் என்று அது ஊக்குவிக்கிறது. மூன்றாம் நபர் சார்பாக வெளிநாட்டுக்குச் செய்தி அனுப்பப் பொதுவாகக் கட்டுப்பாடு உண்டு. அவசரநிலையிலும் பேரிடர் உதவியிலும் அதற்கும் அந்தப் பிரிவு இடம் தருகிறது.

செல்போன் கோபுரங்கள் மின்சாரத்தையும், கோபுரத்தை இணைக்கும் கேபிளையும் நம்பி நிற்பவை. கரண்ட் போனால் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். கேபிள் அறுந்தால் பேட்டரி இருந்தும் பயனில்லை. இரண்டும் தப்பினாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் யாருக்கும் இணைப்பு கிடைக்காது. ஹாம் நிலையத்துக்கு நடுவில் எதுவும் தேவையில்லை. இந்த முனையில் ஒரு ரேடியோ, ஒரு பேட்டரி, ஒரு கம்பி; அந்த முனையிலும் அதே.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் நடந்ததை ஹாம்கள் இன்றும் சொல்வார்கள். பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு உலகெங்கும் உள்ள நிலையங்களோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. கடல் பொங்கியதும் அந்த வேலையை நிறுத்திவிட்டு, தீவுகளிலிருந்து வெளியுலகுக்கு அவசரச் செய்திகளைக் கடத்தத் தொடங்கினார்கள். அவர்களால் உடனே தொடங்க முடிந்ததற்கு ஒரு காரணம், ஆன்டெனா ஏற்கெனவே மேலே இருந்தது. உங்கள் ஆன்டெனாவும் அப்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் பத்து நிமிடத்தில் ஏற்றக்கூடியதாகப் பையில் இருக்க வேண்டும்.

கையிலுள்ள சின்ன ரேடியோ

பெரும்பாலானவர்கள் தொடங்குவது 144 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும் கையடக்க ரேடியோவில். ஐந்து வாட்தான். தரையில் நின்று இன்னொரு கையடக்க ரேடியோவோடு பேசினால் கட்டிடங்களுக்கு நடுவே இரண்டு, மூன்று கிலோமீட்டர் கிடைக்கலாம். மொட்டை மாடிக்கோ மேட்டுக்கோ ஏறினால் அது பல மடங்காகும். இந்த அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், அதனால் வாட்டைவிட உயரம் முக்கியம்.

உயரமான இடத்தில் ரிப்பீட்டர் (வரும் குரலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) இருந்தால் அதன் வழியாக வெகுதூரம் பேசலாம். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அதுவும் கோபுரம்தான், அதற்கும் பேட்டரி உண்டு, அதுவும் தீரும். உங்கள் வட்டாரத்து ஹாம்களோடு பேசி, ரிப்பீட்டர் நின்றுபோனால் ரேடியோவுக்கு ரேடியோ நேரடியாகப் பேசும் எந்த சிம்ப்ளெக்ஸ் அலைவரிசைக்குப் போவது என்று முன்பே முடிவுசெய்து, ரேடியோவின் முதுகில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள்.

ரேடியோவோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா வசதியானது, ஆனால் பலவீனமானது. செலவில்லாத ஒரு திருத்தம் உண்டு. 49 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய ஒயரை வெட்டுங்கள். ஒரு முனையின் உறையைச் சீவி, ஆன்டெனா திருகும் இடத்தில் உள்ள உலோக வளையத்தில் படும்படி சுற்றி, மறுமுனையைத் தொங்கவிடுங்கள். ஆன்டெனாவின் மறுபாதியாக அந்த ஒயர் வேலை செய்யும். சத்தத்துக்குள் முங்கிக் கிடந்த குரல் இந்த ஒயரால் தெளிவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஹாம்கள் இதை டைகர் டெயில் என்பார்கள்.

பக்கத்து மாவட்டத்தை எட்டுவது

சின்ன ரேடியோவுக்கு எட்டாத, 50 முதல் 400 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையம்தான் பேரிடரில் அதிகம் தேவைப்படும். நடுவில் மலை இருக்கலாம். இதற்கு எச்எஃப் ரேடியோ, அதாவது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸுக்குள் பேசும் ரேடியோ வேண்டும். பெரிய கோபுரம் வேண்டாம். சொல்லப்போனால் ஆன்டெனா தாழ்வாகத்தான் இருக்க வேண்டும்.

7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு டைபோல் (நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒயர் நீளும் ஆன்டெனா) கட்டுங்கள். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1-க்குக் கிட்டத்தட்ட 20 மீட்டர், அதாவது நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் ஒயர். கொஞ்சம் கூடுதலாக வெட்டி, ஆன்டெனா அலைவரிசைக்குப் பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே முனையை மடித்துக் குறையுங்கள். இதைத் தரையிலிருந்து நாலைந்து மீட்டர் உயரத்தில் இரண்டு மரங்களுக்கிடையே கட்டினால் அலை பெரும்பாலும் செங்குத்தாக மேலே போகும். வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டு, மேலிருந்து மழை போலச் சுற்றுவட்டாரம் முழுக்க இறங்கும். மலையும் பள்ளமும் அதற்குத் தடையில்லை.

இதில் புதியவர்கள் பதறும் ஓர் இடம் இருக்கிறது. பகலெல்லாம் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து நிலையங்கள் பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றாக மங்கி மறையும். அதே இடத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள வெளிநாட்டுக் குரல்கள் ஏறி வரும். ரேடியோ பழுதாகவில்லை. சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் அடர்த்தி குறைகிறது. 7 மெகாஹெர்ட்ஸ் அலையை நேர் மேலிருந்து திருப்பி அனுப்ப அதற்கு வலுவில்லை. அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு இறங்க வேண்டும். அதற்கு ஒயர் இருமடங்கு நீளம். பகலிலேயே கட்டி வைத்துவிடுங்கள். இருட்டில், மழையில் மரம் ஏறாதீர்கள்.

வெளிநாட்டு உதவி தேவைப்படும் அளவுக்குப் பெரிய பேரிடர் என்றால் 14.300, 18.160, 21.360 மெகாஹெர்ட்ஸ் மூன்றும் உலகெங்கும் ஹாம்கள் அவசரத் தொடர்புக்காகக் கூடும் இடங்கள். அங்கே வேறு விஷயம் பேசிக்கொண்டிருந்தாலும், அவசரம் என்று கேட்டால் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

ஒயர் கட்டும்போது ஓர் எச்சரிக்கை. கரண்ட் போய்விட்டதே என்று மின்கம்பிக்குப் பக்கத்தில் ஆன்டெனா வீசாதீர்கள். யாராவது ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால் செத்துக் கிடக்கும் கம்பியிலும் திடீரென்று மின்சாரம் வரும். இடி மின்னல் நெருங்கினால் ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். பேச்சு எவ்வளவு அவசரமாக இருந்தாலும் சரி.

பேட்டரிக் கணக்கு

நூறு வாட் எச்எஃப் ரேடியோ கேட்கும்போது ஏறத்தாழ ஓர் ஆம்பியர் எடுக்கும், முழு வலுவில் பேசும்போது இருபது ஆம்பியர் வரை எடுக்கும். ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் நாலு ஆம்பியர்-மணி போகும். 20 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து மணி நேரத்தில் காலி. குரல் ஒரே சீராக இருக்காது என்பதால் நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் மோசமான கணக்கைப் போட்டு வைத்துக்கொள்வதே நல்லது.

மிச்சப்படுத்த நல்ல வழி, வலுவைக் குறைப்பது. நூறு வாட்டை 25 ஆக்கினால் அந்தப் பக்கம், வரும் அலையின் வலுவைக் காட்டும் மீட்டரில் ஒரே ஒரு எஸ் புள்ளிதான் குறையும். நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியவே தெரியாது. உங்கள் பேட்டரிக்குத் தெரியும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள், தடித்த ஒயர் போடுங்கள். மெல்லிய ஒயரில் மின்னழுத்தம் சரிந்து, பேசும்போது மட்டும் ரேடியோ அணைந்து அணைந்து எரியும். காரணம் தெரியாமல் அரைநாள் போய்விடும். சோலார் தகடு இருந்தால் பகலில் ஏற்றிக்கொள்ளலாம். ஜெனரேட்டரை அறைக்குள் வைத்து ஓட்டவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

தமிழில் பேசும்போது

ஹாம் வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. உள்ளூர் நெட்டில் (பல நிலையங்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவதை நெட் என்போம்) நாம் பேசுவது தமிழ். தமிழுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. அவற்றை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலாவது, தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. பேசி முடிக்கும் முன்பே பொத்தானை விடும் பழக்கம் பலருக்கு உண்டு. "பாலம் பாதுகாப்பாக இல்லை" என்று நீங்கள் சொல்கிறீர்கள். கடைசிச் சொல் வெட்டுப்பட்டு "பாலம் பாதுகாப்பாக" என்று அந்தப் பக்கம் போகிறது. கேட்டவர் மீதியைத் தானே நிரப்பிக்கொண்டு வண்டியை அனுப்புவார். "கடக்க முடியாது" என்பது "கடக்க முடி..." என்று கரகரத்தாலும் இதே கதிதான். ஆகவே மறுப்பை முன்னால் கொண்டுவாருங்கள்: "ஆபத்து. பாலம் மூடப்பட்டது. வண்டி அனுப்பாதீர்கள்." முதல் சொல்லே பொருளைச் சொல்லிவிடுகிறது. அப்புறம், பொத்தானை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசுங்கள், பேசி முடித்து ஒரு நொடி கழித்து விடுங்கள். ரிப்பீட்டர் விழித்துக்கொள்ளவும் அந்த ஒரு நொடி வேண்டும்.

இரண்டாவது, எண்கள். இருபதும் எழுபதும் சத்தத்துக்குள் ஒன்றுதான். "பது" மட்டுமே தெளிவாகக் கேட்கும். ஆறும் நூறும் அப்படியே. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் மூன்றும் களைத்துப்போனவர் காதில் கலந்துவிடும். எந்த எண்ணாக இருந்தாலும் முழுதாக ஒரு முறை, இலக்கம் இலக்கமாக ஒரு முறை சொல்லுங்கள்: "எழுபது. ஏழு, பூஜ்ஜியம்." அந்த இரவு நாங்கள் இதைச் செய்திருந்தால் போதும்.

மூன்றாவது, எழுத்துகள். எச்எஃப் ரேடியோவில் குரல் மூன்று கிலோஹெர்ட்ஸுக்கும் குறைந்த அகலத்துக்குள் நெருக்கப்பட்டுத்தான் வருகிறது. ல, ள, ழ வித்தியாசம் அதில் தங்காது. ஊர்ப் பெயரிலும் ஆள் பெயரிலும் இது ஆளையே மாற்றிவிடும். "மழைக்கு வரும் ழ", "பள்ளிக்கு வரும் ள" என்று சொல்லுங்கள். கால்சைனுக்கும் ஆங்கில எழுத்துகளுக்கும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று போகும் சர்வதேச அட்டவணையையே பயன்படுத்துங்கள்.

நான்காவது, "சரி" என்ற சொல். சாதாரணப் பேச்சில் இதைவிட நல்ல சொல் கிடையாது. நெட்டில் இது குழப்பும். "கேட்டது" என்பதா, "ஒப்புக்கொள்கிறேன்" என்பதா, "செய்கிறேன்" என்பதா? எங்கள் குழுவில் செய்தி வந்து சேர்ந்தால் "பெற்றேன்", கேள்விக்குப் பதில் "ஆம்" அல்லது "அல்ல, மறுக்கிறேன்" என்று பேசி வைத்திருக்கிறோம். நீங்களும் உங்களுக்குள் ஏதாவது ஒன்றை முடிவுசெய்யுங்கள்.

மூன்று நான்கு சொல்லாக நிறுத்திப் பேசுங்கள். அந்தப் பக்கம் ஒருவர் நனைந்த காகிதத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறார். பென்சில் என்று சொல்வதற்குக் காரணம், பேனா மை ஈரத்தில் ஊறிக் கலைந்துவிடும்.

செய்தியின் வடிவம்

எல்லாச் செய்தியையும் ஒரே வடிவத்தில் எழுதுங்கள். எண், அவசர நிலை, யாரிடமிருந்து, யாருக்கு, நேரம், மொத்தச் சொற்கள், செய்தி. நேரத்தை 24 மணி முறையில் எழுதுங்கள். உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஓர் எடுத்துக்காட்டு:

செய்தி எண் 14. அவசரம். முகாம் 3-இலிருந்து கட்டுப்பாட்டு மையத்துக்கு. நேரம் 21 40. சொற்கள் 10. இன்சுலின் குப்பி 20 உடனே தேவை குளிர்பெட்டியில் அனுப்பவும் படகு மட்டுமே வழி.

சொற்களின் எண்ணிக்கையை எழுதுவது எதற்கென்றால், பெற்றவர் தான் எழுதியதை எண்ணிப் பார்ப்பார். ஒன்பதுதான் இருந்தால் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று உடனே தெரியும். பிறகு அவர் முழுச் செய்தியையும் திருப்பிப் படிக்க வேண்டும். நீங்கள் உங்கள் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும், நினைவிலிருந்து அல்ல. கொடுத்தவர் சொன்ன வார்த்தையை மாற்றவே மாற்றாதீர்கள். மருத்துவர் எழுதித் தந்த மருந்துப் பெயர் உங்களுக்குப் புரியாவிட்டால் எழுத்தெழுத்தாக அனுப்புங்கள்; தெரிந்த பெயராக மாற்றி அனுப்பாதீர்கள்.

நீண்ட பட்டியல் என்றால் குரலில் அனுப்புவது நேரத்தைத் தின்னும். ரேடியோவோடு மடிக்கணினியை இணைத்து, ரேடியோ அலையிலேயே மின்னஞ்சலைக் கொண்டுபோகும் வின்லிங்க் என்ற அமைப்பு வழியாக மின்னஞ்சல் அனுப்பலாம். முகாமில் இருக்கும் நூறு பேரின் பெயரை அப்படி அனுப்பினால் எழுத்துப்பிழை இல்லாமல் போகும். அதற்கான கேபிளும் மென்பொருளும் முன்பே சோதித்ததாக இருக்க வேண்டும்.

நெட்டில் நடந்துகொள்வது

பல நிலையங்கள் ஒரே அலைவரிசையில் இருக்கும்போது ஒருவர் நெட் கன்ட்ரோலாக இருப்பார். அவர் அழைத்தால் பேசுங்கள், இல்லையென்றால் கேளுங்கள். உயிர் ஆபத்து என்றால் மட்டும் இடைவெளியில் "பிரேக், பிரேக்" என்று சொல்லி உங்கள் கால்சைனைத் தரலாம். செய்திகள் அவசரம், முன்னுரிமை, நலம் விசாரிப்பு, வழக்கம் என்ற வரிசையில் போகும். "என் அம்மா எப்படி இருக்கிறார்" என்று கேட்கிறவரின் தவிப்பு பெரியது, எனக்கும் புரிகிறது. ஆனாலும் இன்சுலினுக்குப் பிறகுதான் அது போக வேண்டும்.

ஹாம் அலைவரிசையை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மறைகுறியாக்கம் பொதுவாக அனுமதியில்லை. அதனால் இறந்தவர்களின் பெயரைக் காற்றில் சொல்லாதீர்கள். ஒரு தாய் அதை ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. அணை உடைந்ததாம் என்று யாரோ சொன்னதையும் கடத்தாதீர்கள். கண்ணால் பார்த்தது, பொறுப்பானவர் கையெழுத்திட்டுத் தந்தது, இவை இரண்டையும் அனுப்பினால் போதும்.

அழைக்காமல் பேரிடர் இடத்துக்குப் போகாதீர்கள். 2017-இல் மரியா சூறாவளி புவேர்ட்டோ ரிக்கோவைச் சிதைத்தபோது, அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் அந்நாட்டு ஹாம் அமைப்பிடம் 50 பேரைக் கேட்டது. கேட்ட பிறகுதான் போனார்கள், தங்கள் கருவியோடு போனார்கள். சொல்லாமல் போய் நிற்பவருக்கும் உணவும் தண்ணீரும் படுக்க இடமும் அங்கிருப்பவர்கள்தானே தர வேண்டும்? உங்கள் வட்டாரப் பேரிடர் மேலாண்மை அலுவலகத்தில் உங்கள் குழுவின் பெயரை இன்றே பதிந்து வையுங்கள். அப்போதுதான் உங்களை அழைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். அதற்கு மேல் காது பொய் சொல்லும். மாறும்போது லாக் புத்தகத்தை மட்டும் நீட்டாதீர்கள். கடைசிச் செய்தி எண், பதில் வராத செய்திகள், பேட்டரியின் மின்னழுத்தம், இப்போது எந்த நிலையம் எந்த அலைவரிசையில் இருக்கிறது என்பதையெல்லாம் வாயால் சொல்லி, அவர் திருப்பிச் சொன்ன பிறகு எழுந்திருங்கள்.

வாரம் ஒரு முறை

இதெல்லாம் படித்தால் வராது, பேசிப் பழக வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டு மின்சாரத்தைத் தொடாமல் பேட்டரியில் மட்டும் ரேடியோவை இயக்குங்கள். ஒருவர் 25 சொற்களில் ஒரு செய்தி அனுப்பட்டும், அது மூன்று நிலையங்கள் வழியாகச் சுற்றி அவருக்கே திரும்பி வரட்டும். அனுப்பியதையும் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் மாதம் பெரும்பாலும் பொருந்தாது.

நான் போர்வை எண்ணைத் தவறாக எழுதிய அந்த அண்ணன்தான் இப்போது எங்கள் வார நெட்டை நடத்துகிறார். செய்தி முடிந்ததும் கடைசியில் பத்து எண்களை வேகமாக வாசிப்பார். நாங்கள் எழுதித் திருப்பிப் படிக்க வேண்டும். அந்தப் பத்தில் இருபது ஒன்று, எழுபது ஒன்று எப்போதும் இருக்கும்.